கழுவினாலும் திரும்பி வரும் கரி: கொழும்பு ஸ்கூல் வேன் ஒன்றின் இன்டேக் பற்றிய நிகழ்வு ஆய்வு

டீசல் வேன்களின் இன்டேக் மெனிபோல்ட்டை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிர்ந்து அனுப்பும் குழாயை, கழற்றிக் கழுவுவது கொழும்பு கராஜ்களில் இப்போது சாதாரண வேலை. கழுவிய வேன் ஒன்றிரண்டு வருடத்தில் அதே கறுப்புப் பசையோடு திரும்பி வருவதும் சாதாரணமாகிவிட்டது. அந்தப் பசை இரண்டு பொருள்களின் கலவை. ஒன்று புகையிலிருந்து வரும் கரி, மற்றது எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஒயில். இரண்டும் வெவ்வேறு வழியாக வந்து சேர்கின்றன. எது எங்கிருந்து, ஏன் இவ்வளவு வருகிறது என்று தேடாமல் கழுவினால் சுத்தமான குழாயில் மறுநாளே படிவு தொடங்கும். இந்த வேனில் அந்தத் தேடல் ஒரு ரப்பர் ஹோஸ் பைப்பிலும் வால்வு மூடிக்குள் இருந்த ஒரு சிறு துளையிலும் போய் முடிந்தது.

வேனும் அதன் ஓட்டமும்

ஜப்பானில் தயாரிக்கப்பட்ட வேன். 2.5 லீட்டர், நான்கு சிலிண்டர், கொமன் ரெயில் டர்போ டீசல். டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உண்டு, புகையில் ஒரு பங்கை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். உண்டு, புகைக்கரி வடிகட்டியான டி.பி.எஃப். இல்லை. மீட்டர் 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. உரிமையாளர் கொட்டாஞ்சேனைக்காரர். காலையில் கொச்சிக்கடை, ஆமர் வீதிப் பக்கப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பம்பலப்பிட்டி வரை உள்ள பாடசாலைகளில் இறக்குவார். மதியம் அதே வழியில் திரும்பி வருவார். வார இறுதியில் கிடைத்தால் ஹயர்: முன்னேஸ்வரம், கதிர்காமம், சில சமயம் நுவரெலியா.

இந்த ஓட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நோயின் பாதி அங்கேதான் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு காலி வீதி எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதலாம் கியர், இரண்டாம் கியர், நிறுத்தம், மறுபடி முதலாம் கியர். மதியம் பாடசாலை விடுவதற்கு முன்பே போய் இடம்பிடித்து, ஏசி ஓட, எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பு. வெயிலில் நின்ற வேனுக்குள் சிறு பிள்ளைகளை ஏற்ற முடியாது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அந்த நேரமெல்லாம் எஞ்சின் சுமையில்லாமல், முழுச் சூடு ஏறாமல், டர்போ சரியாகச் சுழலாமல் ஓடுகிறது.

இன்னொரு பின்னணியும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022 எரிபொருள் நெருக்கடி, மைல்கணக்கான வரிசை, பிறகு கியூ.ஆர். பங்கீடு. ஒயில் விலையும் பில்டர் விலையும் ஏறிய அந்தக் காலத்தில் பலர் சேர்விஸைத் தள்ளிப்போட்டார்கள். இவரும் தள்ளிப்போட்டார். பிள்ளைகளின் வேன் கட்டணத்தைப் பெற்றோரிடம் உயர்த்திக் கேட்கவும் முடியாமல் வண்டியையும் ஓட்டியாக வேண்டிய நிலையில் இருந்தவரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தவணைகள் எஞ்சினுக்குள் என்ன செய்தன என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முறைப்பாடு

“அண்ணே, கடுகண்ணாவை ஏத்தத்துல இழுக்குது இல்ல. பின்னால வாறவன் கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போறான், அவ்வளவு புகை.” உரிமையாளர் சொன்னது இதுதான். கூடவே டீசல் செலவு கூடியிருந்தது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது சித்தியடையவில்லை. அதனால்தான் வேலை அவசரமானது.

எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு இடத்தில் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பழுதுபார்த்திருந்தார்கள். கறுப்புப் புகை என்றதும் இன்ஜெக்டர் என்று போய்விடுவது இங்கே வழக்கம். நல்ல தொகை செலவாகியும் புகை குறையவில்லை. அதற்கு முன்னரே ஒருமுறை இன்டேக்கும் கழுவப்பட்டிருந்தது. கழுவிய பிறகு சில மாதம் நன்றாக ஓடியது என்றார். அந்தச் ‘சில மாதம்’ எனக்கு முக்கியமான தகவலாகப் பட்டது. தானாக இவ்வளவு படிய வருடக்கணக்கு வேண்டும். மாதங்களில் படிந்தால் எங்கோ ஒன்று அதை ஊட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பரிசோதனை

முதலில் இன்ஜெக்டர் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டோம். ஸ்கேனரில் நான்கு சிலிண்டருக்கும் எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ. செய்யும் எரிபொருள் திருத்த அளவுகளைப் பார்த்தோம். ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லை. ஐட்லிங்கில் தட்டல் சத்தம் இல்லை, காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகையும் இல்லை. ஒழுகும் இன்ஜெக்டர் ஐட்லிங்கிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வேனின் புகை சுமை ஏறும்போதுதான் கொட்டியது. சுமையில் புகை என்றால் டீசல் கூடிவிட்டது என்று நினைப்பதற்கு முன் காற்று குறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். 1 கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக வேண்டும்.

டிப் ஸ்டிக்கை இழுத்தோம். ஒயில் மேல் குறியைத் தாண்டி நின்றது. ஒயில் மட்டம் கூடுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: டீசல் கசிந்து ஒயிலோடு கலப்பது, அல்லது ஊற்றும்போதே கூடிப்போவது. டீசல் மணம் இல்லை, ஒயிலும் நீர்த்துப்போகவில்லை. விசாரித்தால், கடைசி சேர்விஸில் பழைய ஒயில் முழுதாக வடிய நேரம் கொடுக்காமல் கணக்குப்படி உள்ள லீட்டரை அப்படியே ஊற்றியிருக்கிறார்கள். கூடுதலாக நிற்கும் ஒயிலைச் சுழலும் கிராங்க் அடித்து ஆவியாகவும் நுரையாகவும் ஆக்கிவிடும். அந்த ஆவிக்குப் போக ஒரே வழி, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய். அது போய்ச் சேரும் இடம் டர்போவின் வாய்.

அடுத்து, கிராங்க் சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் அழுத்தம். ஒயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது, ஆனால் அதை நம்பி எஞ்சினைத் திறக்கக் கூடாது. பழைய டீசல் எதுவாயினும் அந்த இடத்தில் கொஞ்சம் ஊதத்தான் செய்யும். டிப் ஸ்டிக் குழாயில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை ‘யூ’ வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் ஐம்பது ரூபாய்க் குழாயில் நல்ல அழுத்தமானி கிடைக்கும். இந்த வேனில் தண்ணீர் நன்றாகவே ஏறியது. ஆகவே ஒன்றில் பிஸ்டன் ரிங் தேய்ந்து வாயு அதிகமாகக் கீழே இறங்குகிறது, இல்லாவிட்டால் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. சிலிண்டர்களின் அமுக்க அழுத்தமான கம்ப்ரஷனை எடுத்துப் பார்த்தோம், நான்கும் நன்றாக இருந்தன. அப்போதே வால்வு மூடிக்குள் இருக்கும் ஒயில் பிரிப்பான் மேல் சந்தேகம் விழுந்தது.

கம்ப்ரஷன் போயிருந்தால் நான் இன்டேக்கைத் தொட்டிருக்க மாட்டேன். ரிங் போன எஞ்சினில் இன்டேக் கழுவுவதற்கு வாங்கும் பணம் வாடிக்கையாளருக்கு எந்தப் பயனும் தராது.

பிறகு வீதியில் ஓட்டிப் பார்த்தோம். பேலியகொடைப் பக்கம் களனிப் பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுதாக மிதித்து, ஈ.சி.யூ. கேட்கும் டர்போ அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் ஸ்கேனரில் பதிவு செய்தோம். தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறின. ஓர் எல்லைக்குப் பிறகு உண்மை அழுத்தம் கீழே தங்கிவிட்டது. அதே நொடியில் கண்ணாடியில் கறுப்பு. கராஜில் நிறுத்திவைத்து அக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தபோது இது தெரியவே இல்லை. சுமையில்லாமல் டர்போ அவ்வளவு அழுத்தம் எழுப்பாது. முன்பு பார்த்தவர்களுக்கு இது பிடிபடாமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

டர்போ வெளிவாய்க்கும் மெனிபோல்ட்டுக்கும் இடைப்பட்ட பாதையை இருபக்கமும் அடைத்து, குறைந்த அழுத்தக் காற்றைக் கொடுத்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்தோம். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்குச் சற்று மேலே, நுரை பொங்கியது. ஹோஸைக் கழற்றி விரலால் அமுக்கினால் அந்த இடம் மட்டும் ஊறிப்போய் மெத்தென்று இருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரித்தால்தான் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

காரணங்களின் வரிசை

இப்போது எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோக்க முடிந்தது. இந்த நிகழ்வை எழுத வைத்ததே அந்த வரிசைதான்.

பிரிப்பானில் சேரும் ஒயில் திரும்பி எஞ்சினுக்குள் வடிவதற்கு ஒரு சிறு துளை இருக்கும். சேர்விஸ் தவறிய காலத்துச் சேற்றால் அது அடைபட்டிருந்தது. பிரிந்த ஒயிலுக்குத் திரும்பிப் போக வழியில்லை. வாயு அதை முன்னே தள்ளிக்கொண்டு டர்போ வாய்க்குப் போனது. கிராங்க் கேஸில் அழுத்தம் கூடினால் டர்போவிலிருந்து ஒயில் தானாக இறங்கி வருவதும் தடைப்படும். அப்போது கம்ப்ரஸர் பக்க சீல் வழியாகவும் கசியும். நீண்ட ஐட்லிங்கில் கம்ப்ரஸர் பக்கம் அழுத்தம் இல்லாததால் அந்தக் கசிவு இன்னும் சுலபம். இதற்கு மேல் டிப் ஸ்டிக் குறியைத் தாண்டிய ஒயில் வேறு.

இப்படி வந்த ஒயில் ஹோஸின் தாழ்ந்த இடத்தில் தேங்கி ரப்பரை ஊறவைத்தது. ஊறிய ரப்பர் டர்போ அழுத்தத்தில் வெடித்தது. அந்த வெடிப்பு காற்றளவு சென்சருக்குப் பிறகு உள்ள இடம். சென்சர் அளந்த காற்று முழுவதும் எஞ்சினுக்குப் போகிறது என்று ஈ.சி.யூ. நம்பி அதற்கேற்ற டீசலைக் கொடுக்கிறது. காற்றில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. மிச்சமான டீசல் கரியாகிறது. ஈ.ஜி.ஆர். வேலை செய்யும் பாதிச் சுமை ஓட்டத்தில் டர்போ அழுத்தம் இருக்கும் வேளைகளில், புதுக் காற்று தேவைக்கு மேலாகவே வருகிறது என்ற பொய்க் கணக்கில் ஈ.ஜி.ஆர். வால்வும் கூடுதலாகத் திறக்கும். கரி நிறைந்த புகை இன்டேக்குக்குள் வருகிறது. அங்கே ஏற்கனவே ஒயில் பூசிய சுவர் காத்திருக்கிறது.

விறகடுப்பு இருந்த சமையலறைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெறும் சுவரில் படிந்த கரியைத் துடைப்பத்தால் தட்டிவிடலாம், தாளிக்கும் எண்ணெய் தெறிக்கும் மூலையில் படிந்ததைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இன்டேக்கிலும் காய்ந்த கரி மட்டும் வந்தால் பெரும்பகுதி காற்றோடு சிலிண்டருக்குள் போய் எரிந்துவிடும். ஒயில் மட்டும் வந்தால் சுவர் ஈரமாகும், அவ்வளவுதான். இரண்டும் சேரும்போதுதான் அடைப்பு. சூடான புகை ஒப்பீட்டளவில் குளிர்ந்த அலுமினியச் சுவரில் படும்போது அதிலுள்ள எரியாத டீசல் ஆவி ஒடுங்கித் திரவமாகிப் பசையைக் கூட்டுகிறது. கரித்துகள்களும் வெப்பமான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு நகரும் இயல்புள்ளவை.

மெனிபோல்ட்டைத் திறந்தபோது ஈ.ஜி.ஆர். புகை வந்து சேரும் முழங்கை வளைவில்தான் படிவு மிகத் தடிப்பாக இருந்தது. உள்விட்டம் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சுற்றிலும் 7 மில்லிமீட்டர் படிந்து, நடுவில் 36 மில்லிமீட்டர் ஓட்டை. பார்வைக்கு ‘கொஞ்சம் சுருங்கியிருக்கிறது’ என்று தோன்றும். பரப்பளவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ பாதி போய்விட்டது. ஈ.ஜி.ஆர். வால்வின் தண்டு கரியில் சிக்கி முழுதாக மூடவில்லை. முழுச் சுமையில் மூடியிருக்க வேண்டிய வால்வு அது. சுமையில்லாமல் எஞ்சினைச் சீறவைத்து எடுக்கும் புகைப் பரிசோதனையிலும் வேன் தோற்றதற்கு இந்த வால்வும் சுருங்கிய பாதையும் போதும்.

கழுவிய விதம்

இங்கே சில எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல எஞ்சின்கள் இந்தக் கட்டத்தில்தான் கெடுகின்றன.

கோஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவது வேகமான வழி என்று சிலர் செய்கிறார்கள். மெனிபோல்ட் அலுமினியம். கோஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். தின்னும்போது ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும், அது தீப்பிடிக்கக்கூடியது. கேஸ்கட் அமரும் முகம் அரிக்கப்பட்டால் அதுவே புதிய காற்றுக் கசிவு. பெற்றோல் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம், அது நேரடித் தீ ஆபத்து. நாங்கள் மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறவைத்து, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, கிரீஸ் நீக்கும் திரவமும் சுடுதண்ணீரும் கொண்டு கழுவிக் காயவைத்தோம். கை வலிக்கும் வேலைதான், ஆனாலும் உலோகம் சேதமில்லாமல் கிடைக்கும்.

சிலிண்டர் ஹெட்டில் உள்ள போர்ட்களைச் சுரண்டும்போது அந்தச் சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் மூடியிருக்க வேண்டும். கிராங்கைக் கையால் திருப்பி ஒவ்வொரு சிலிண்டராகச் செய்ய வேண்டும். உள்ளே வைக்கும் துணிகளை எண்ணி வைத்து எண்ணி எடுக்க வேண்டும். சுரண்டியதை வேக்குவத்தால் உறிஞ்ச வேண்டும், காற்றடித்து உள்ளே தள்ளக் கூடாது.

இன்டர்கூலரைக் கழற்றாமல் விட்டால் வேலை அரைகுறைதான். இதன் அடியில் ஒயில் தேங்கியிருந்தது. டீசல் எஞ்சினுக்கு ஒயிலும் எரிபொருள்தான். தேங்கிய ஒயில் ஒரேயடியாக உறிஞ்சப்பட்டால் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் சீறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஸ்டார்ட் செய்த எஞ்சினின் இன்டேக்குக்குள் ஸ்பிரே அடித்துக் கழுவும் முறையை நான் டீசலில் செய்வதில்லை என்பதற்கும் இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம், இவ்வளவு தடித்த படிவு கட்டியாகப் பெயர்ந்து வால்வுக்கு அடியில் போய்ச் சிக்கலாம்.

ஈ.ஜி.ஆர். கூலரைக் கழுவிய பின் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்தோம். மெனிபோல்ட் அழுத்த சென்சரின் துளையும் அடைபட்டிருந்தது. சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும், கடல்மட்டத்திலுள்ள கொழும்பில் சுமார் 101 கிலோபாஸ்கல். இது அந்த அளவைச் சரியாகத்தான் காட்டியது. எஞ்சின் ஓடும்போதுதான் தாமதமாக அசைந்தது. நிற்கும்போது சரியாகக் காட்டுகிறது என்று அதை அப்படியே விட்டுவிட வேண்டாம்.

வால்வு மூடியைத் திறந்து பிரிப்பானின் வடிதுளையைச் சுத்தம் செய்து, பிரீதர் குழாயைப் புதிதாக்கியதும் அதே தண்ணீர்க் குழாயைத் திரும்ப மாட்டிப் பார்த்தோம். இருபக்கமும் தண்ணீர் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றது. இந்த வேலை முழுவதிலும் எனக்குத் திருப்தி தந்த அளவீடு அதுதான்.

வெடித்த ஹோஸுக்குப் பதிலாகப் பளபளக்கும் சிலிக்கன் ஹோஸ் போடலாம் என்று உதவிக்கு நின்ற தம்பி சொன்னான். சாதாரண சிலிக்கன் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் ஒயிலை வியர்த்து வெளியே விடும், நாளடைவில் மெலியும். உள்ளே ஒயிலைத் தாங்கும் ஃப்ளோரோ பூச்சு உள்ளதென்றால் சரி. அது கிடைக்காவிட்டால் கம்பெனி ரப்பர் ஹோஸே நல்லது. பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய ஹோஸ் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும், அதை வாங்கவில்லை. ஏற்கனவே இன்னொரு எஞ்சினின் ஒயிலில் ஊறியதை வாங்கி மாட்டுவதில் பொருளில்லை.

தகடு வைத்து அடைக்கும் யோசனை

“ஈ.ஜி.ஆருக்குத் தகடு வச்சு அடைச்சிட்டா கரியே வராதாமே அண்ணே?” என்று உரிமையாளர் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். நேர்மையாகச் சொன்னால், தகடு வைத்தால் இன்டேக்குக்குக் கரி வருவது நின்றுவிடும். அது உண்மை. ஆனால் ஈ.ஜி.ஆர். சும்மா வைக்கப்பட்டதல்ல. புகையில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பினால் ஒட்சிசன் செறிவு குறைந்து, எரியும்போது எழும் உச்ச வெப்பம் தணிகிறது. அதனால் நைதரசன் ஒட்சைட்டுகள் குறைகின்றன. அடைத்தால் அவை கூடும். கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குழாய்க்குத் தெரியும். டீசல் புகையை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ல் சேர்த்தது. இந்த வேன் தினமும் நிற்கும் இடம் பாடசாலை வாசல். அங்கே வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தின் உயரத்தில்தான் சைலன்சர் வாய்கள் இருக்கின்றன. அந்த வாசலில் நிற்கப்போகும் வண்டிக்கு நான் தகடு வைக்க மாட்டேன் என்று அவரிடம் நேரடியாகவே சொன்னேன். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். திரும்பக் கேட்கவில்லை.

தொழில்ரீதியான காரணமும் இருக்கிறது. தகடு ஒயிலை நிறுத்தாது. வெடிக்கும் ஹோஸையும் நிறுத்தாது. கறுப்புப் பசைக்குப் பதிலாக வெறும் ஒயில் தேங்கும், அதைக் கவனிப்பாரும் இருக்க மாட்டார்கள்.

ஒயில் பிடிக்கும் டப்பா பற்றியும் பேசினோம். பிரீதர் குழாய்க்கு இடையில் வைத்து ஒயிலைப் பிரித்தெடுக்கும் சாதனம் அது. நல்ல சாதனம்தான், ஒழுங்காக வடித்துவிடுபவருக்கு. கொழும்பின் ஈரப்பதத்தில் அதில் தண்ணீரும் சேர்ந்து மோர் போன்ற குழம்பாகும். வடிக்க மறந்தால் நிறைந்து அடைபடும், அடைபட்டால் நாங்கள் இப்போதுதான் சரிசெய்த கிராங்க் கேஸ் அழுத்தம் திரும்பி வரும். இந்த வேனைப் பாதி நாள் ஓட்டுவது சம்பளத்துக்கு வைத்த சாரதி. போனெட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவரிடம் இல்லை. ஆகவே டப்பா வேண்டாம் என்று முடிவு செய்தோம். வாரம் ஒருமுறை தானே பார்க்கும் உரிமையாளர் என்றால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

மீண்டும் படியாமல் இருக்க

ஒயில் மாற்றும் தவணையைத்தான் முதலில் திருத்தினோம். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. கட்டுநாயக்க அதிவேக வீதியில் மணிக்கு 80ல் ஓடும் வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் என்பது சுமார் 62 மணித்தியால எஞ்சின் ஓட்டம். காலி வீதி நெரிசலிலும் பாடசாலை வாசலிலும் சராசரி மணிக்கு 12 என்று வைத்தால் அதே 5,000 கிலோமீட்டருக்கு 400 மணித்தியாலத்துக்கு மேல். மீட்டர் ஒன்றுதான், ஒயில் பட்ட பாடு ஆறு மடங்கு. ஸ்கூல் வேனுக்கு மாதக் கணக்கு வைப்பதே சரி. இவருக்குப் பாடசாலைத் தவணை ஒன்று முடியும்போது ஒரு ஒயில் மாற்றம் என்று வைத்தோம், ஞாபகத்தில் நிற்கும்.

ஒயில் ஊற்றும் அளவு: மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையில், சமதரையில், எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்த்து. வாங்கும்போது வாகனக் கையேட்டில் சொன்ன தரத்தைப் பார்க்க வேண்டும். ஒயில் எவ்வளவு ஆவியாகும் என்பதற்கு நோவாக் என்றொரு சோதனை உண்டு, 250 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கி எவ்வளவு எடை குறைகிறது என்று அளப்பார்கள். அந்த எண் குறைவான ஒயில் பிரீதர் வழியாகக் குறைவாகவே போகும். விற்பவர் தரவுத்தாளைக் காட்டினால் அதில் இருக்கும். டி.பி.எஃப். உள்ள வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஒயில் கட்டாயம், இந்த வேனுக்கு அது தேவையில்லை.

காற்று பில்டர் அடைபட்டால் டர்போவின் வாயில் உறிஞ்சல் கூடி, பிரீதரிலிருந்து ஒயிலை இன்னும் இழுக்கும். டயர் கடையில் வெளிப்பக்கமிருந்து காற்றடித்து ‘சுத்தம்’ செய்வது தூசியை உள்ளே ஏற்றுவதில்தான் முடியும். ஒயில் பூசிப் பாவிக்கும் பில்டர் போட்டவர்கள், அந்த ஒயில் காற்றளவு சென்சரின் கம்பியில் படியும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

டீசலில் ஊற்றும் கிளீனர் போத்தல்களைப் பற்றி உரிமையாளர் கேட்டார். அவை இன்ஜெக்டருக்கு உதவலாம். இன்டேக்குக்கு உதவ வழியே இல்லை, டீசல் இன்டேக் வழியாகப் போவதே இல்லை, நேராகச் சிலிண்டருக்குள் பீறிடுகிறது. நேரடிப் பீச்சல் உள்ள புதிய பெற்றோல் கார்களிலும் இதே கதைதான்: எரிபொருள் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவாததால் அங்கே கரி தடிக்கிறது. பழைய போர்ட் பீச்சல் பெற்றோல் எஞ்சின்களில் அந்தத் தொல்லை குறைவு. நம் வீதிகளில் நிறைந்திருக்கும் ஹைபிரிட் கார்கள் பலவற்றில் ஈ.ஜி.ஆர். இருக்கிறது, அவற்றின் கூலரும் மெனிபோல்ட்டும்கூட இப்படி அடைபடுகின்றன.

சுப்பர் டீசலில் கந்தகம் குறைவு, அமிலமாகும் பொருளும் குறைவு. கட்டுப்படியானால் நல்லதுதான், அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. ஒயிலும் ஹோஸும் சரியாக இருந்தால் சாதாரண ஒட்டோ டீசலிலும் இந்த எஞ்சின் ஓடும்.

ஓட்டும் பழக்கம் மிகக் கடினமான பகுதி. பாடசாலை வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு, மணியடிக்கச் சற்று முன் ஸ்டார்ட் செய்து ஏசி போட்டாலே வேன் குளிர்ந்துவிடும். நிழலில் நிறுத்தினால் இன்னும் சீக்கிரம். சாரதிக்கும் வெயில் சுடும் என்பதால், அவர் வெளியே நிழலில் இருக்கலாம் என்று உரிமையாளர் சொல்லிவைத்தார். வாரம் ஒருமுறை பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்க அதிவேக வீதியில் ஏறி, 2,000 முதல் 2,500 சுழற்சியில் இருபது, முப்பது நிமிடம் சீராக ஓட்டச் சொன்னோம். எஞ்சினும் புகையும் முழுச் சூட்டுக்கு வரும், ஈ.ஜி.ஆர். தண்டு சிக்காமல் அசையும். காய்ந்து இறுகிய பழைய படிவை இந்த ஓட்டம் பெயர்க்காது. அப்படி எதிர்பார்த்து யாரும் டீசலை வீணாக்க வேண்டாம். விமான நிலைய ஹயர் கிடைக்கும் வாரத்தில் தனியாக ஓட்டவும் தேவையில்லை.

பிறகு

வேலை முடிந்ததும் அதே களனிப் பாலத்து ஏற்றத்தில் ஓட்டினோம். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் மேல்வரை சேர்ந்தே ஏறின. புகைப் பரிசோதனை சித்தி. நுவரெலியா ஹயர் ஒன்றும் போய்வந்தார். அங்கே ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினுக்கு உண்மையான சோதனை அதுதான். இறம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது, புகை இல்லை என்றார். பதினைந்து பேரும் சாமான்களும் ஏற்றிய பழைய வேன் அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியர் கேட்பதில் குறையொன்றுமில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் முழங்கை வளைவின் ஹோஸை மட்டும் கழற்றி டோர்ச் அடித்துப் பார்க்கிறோம். கால்மணி நேர வேலை. உள்ளே இப்போது இருப்பது விரலால் துடைத்தால் போகும் மெல்லிய சாம்பல் நிறக் கரி, பளபளப்பில்லை, ஈரமில்லை. ஈ.ஜி.ஆர். உள்ள எஞ்சினில் அவ்வளவு இருக்கத்தான் செய்யும். பளபளக்கத் தொடங்கினால் அடுத்து எடுப்பது அந்தத் தண்ணீர்க் குழாயைத்தான், கழுவும் வாளியை அல்ல. டர்போவின் தண்டில் சிறிது ஆட்டம் இருக்கிறது, இன்னும் எல்லைக்குள்தான். அடுத்த டிசம்பர் விடுமுறையில் அதைக் கழற்றிப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம்.